வாசகர் கேள்வி – பதில்: ஆட்கள் கிளை மாறும்போது நன்கொடைப் பதிவேட்டில் என்ன செய்வது?

பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இரண்டிலும் நன்கொடைப் பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்காக இந்த இதழின் கேள்வி–பதில்.

கேள்வி (உவர்மலை): எங்கள் நன்கொடையாளர் விபரம் எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி, குழு, கொடுத்த தொகை என்று நிரல்கள். ஒருவர் கொழும்பிலிருந்து லண்டன் போய் அங்குள்ள கிளையில் சேர்ந்தால், குழு நிரலில் "கொழும்புக் கிளை" என்பதை "லண்டன் கிளை" என்று மாற்றிவிடுவோம். இப்போது கணக்காய்வாளர், 2018இல் கொழும்புக் கிளை தந்தது எவ்வளவு என்று கேட்கிறார். தாளில் வரும் தொகை அந்த ஆண்டின் அறிக்கையில் அச்சிட்ட தொகையைவிடக் குறைவாக இருக்கிறது. பணம் எங்கே போனது?

பதில்: பணம் எங்கும் போகவில்லை. ஆள் லண்டன் போனபோது, அவர் 2018இல் கொழும்பிலிருந்து கொடுத்ததையும் உங்கள் தாள் லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. "குழு" என்ற ஒரு கலத்துக்கு இன்றைய நிலை மட்டும்தான் தெரியும். அதை மாற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் கணக்கும் சேர்ந்தே மாறும். இதை நேராக்க, ஒரு தாளை நான்காகப் பிரியுங்கள்.

முதலாவது ஆட்கள் தாள். ஒருவருக்கு ஒரு நிரை. ஒரு இலக்கம், பெயர், தொடர்பு விபரம் அவ்வளவுதான். இரண்டாவது குழுக்கள் தாள்: கொழும்புக் கிளை, லண்டன் கிளை, 2005 உயர்தர பட்ச், நிர்வாகக் குழு என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. மூன்றாவதுதான் முக்கியமானது, உறுப்புரிமைத் தாள். அதில் ஆள் இலக்கம், குழுக் குறியீடு, பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆதாரம் என்று ஆறு நிரல்கள் போதும். நான்காவது நன்கொடைத் தாள்.

இலக்கம் 0417 உடையவரை எடுத்துக்கொள்வோம். உறுப்புரிமைத் தாளில் அவருக்கு மூன்று நிரைகள் வரும். 2005 உயர்தர பட்ச், முடிந்த நாள் வெறுமை. கொழும்புக் கிளை, 01.01.2014 முதல் 31.08.2019 வரை. லண்டன் கிளை, 12.10.2019 முதல், முடிந்த நாள் வெறுமை. இடையில் ஆறு கிழமை எந்தக் கிளையிலும் இல்லை. அது உண்மை என்றால் அப்படியே இருக்கட்டும், அழகுக்காக நாட்களை ஒட்டவைக்க வேண்டாம். 26.05.2018 அன்று அவர் கொடுத்த 25,000 ரூபா நன்கொடைத் தாளில் அந்தத் திகதியோடு கிடக்கும். அவர் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நிரை அசையாது.

வெறுமையாக உள்ள முடிந்த நாள், கணக்குப் போடும்போது தொந்தரவு தரும். பக்கத்தில் "கணக்கு முடிவு" என்று இன்னொரு நிரல் வைத்து, முடிந்த நாள் வெறுமையாக இருந்தால் 31.12.9999 என்றும், இல்லாவிட்டால் அதே நாள் என்றும் வரும்படி ஒரு இஃப் (IF) சூத்திரம் எழுதுங்கள். எக்செல் ஏற்கும் கடைசித் திகதி அதுதான். இனி ஒரு குறித்த நாளில் கொழும்புக் கிளையில் எத்தனை பேர் என்பதற்கு கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) சூத்திரத்தில் மூன்று நிபந்தனைகள்: குழுக் குறியீடு அதுவே, தொடங்கிய நாள் அந்த நாளுக்கு முன் அல்லது அதே நாள், கணக்கு முடிவு அந்த நாளுக்குப் பின் அல்லது அதே நாள்.

தொகைக்கு இது போதாது. 0417 உடையவர் 2018இல் கொழும்புக் கிளையிலும் இருந்தார், 2005 பட்ச்சிலும் இருந்தார். அவருடைய 25,000 எந்தக் கணக்கில் சேரும்? இதைத் திகதியால் தீர்மானிக்க முடியாது, கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே நன்கொடைத் தாளில் "யார் சார்பில்" என்று ஒரு நிரல் வைத்து, பற்றுச்சீட்டு எழுதும்போதே கேட்டுக் குறியீட்டைப் போடுங்கள். சொல்லாவிட்டால் "தனிப்பட்டது" என்று போடுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். ஆண்டுத் தொகையை சம்இஃப்ஸ் (SUMIFS) கொண்டு இந்த நிரலிலிருந்தே கூட்டலாம். அதற்குப் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு நிரலும் வையுங்கள்: இந்த ஆள், இந்தக் குழு, இந்த நாள் என்ற நிபந்தனைகளோடு உறுப்புரிமைத் தாளில் எத்தனை நிரை இருக்கிறது என்று அது எண்ணும். 1 வந்தால் சரி. 0 வந்தால் அன்று அவர் அந்தக் குழுவில் இல்லை. 2 வந்தால் ஒரே உறுப்புரிமை இரண்டு தரம் பதிவாகியிருக்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஆள் உண்மையிலேயே மாறினால் பழைய நிரைக்கு முடிந்த நாள் போட்டு மூடிவிட்டுப் புதிய நிரை எழுத வேண்டும். தட்டச்சில் பிழை விட்டிருந்தால் அதே நிரையைத் திருத்த வேண்டும். பிழையைத் திருத்தப் புதிய நிரை போட்டால், நடக்காத ஒரு இடமாற்றம் பதிவாகிவிடும். போனவர் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் புதிய நிரைதான். பழைய நிரையின் முடிந்த நாளை அழித்தால், அவர் இல்லாத மூன்று வருடமும் இருந்ததாக ஆகிவிடும்.

2018ஐ மீட்பதற்கு, அந்த ஆண்டின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் அச்சிட்ட அறிக்கையையும் பக்கத்தில் வைத்து நிரை நிரையாகப் பாருங்கள். தொடங்கிய நாள் தெரியாதவர்களுக்கு, அவர் பெயர் முதலில் வரும் கூட்ட அறிக்கை அல்லது பற்றுச்சீட்டின் நாளைப் போட்டு, ஆதார நிரலில் அதையே எழுதுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 01.01 என்று போட்டு "ஆண்டு மட்டும்" என்று குறியுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு பார்ப்பவர் சங்கமே தை முதலாம் திகதியில்தான் ஆள் சேர்த்தது என்று நினைப்பார்.

கேள்வி (சாம்பல்தீவு): "2022 சாதாரண தர பட்ச்" என்று ஒருவர் சொல்கிறார், அதே வகுப்பில் படித்த மற்றவர் "2023 பட்ச்" என்கிறார். எதைப் போடுவது?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொவிட் காலத்துக்குப் பிறகு பரீட்சையின் ஆண்டும் அது நடந்த ஆண்டும் ஒன்றாக இருக்கவில்லை. 2020 சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021க்குரியது 2022 மே மாதத்தில். 2022க்குரியது 2023 மே, ஜூனில். உயர்தரத்திலும் 2021க்குரிய பரீட்சை 2022இன் தொடக்கத்தில்தான் நடந்தது. பெறுபேற்றுச் சான்றிதழில் உள்ள ஆண்டே பட்ச்சின் ஆண்டு என்று ஒரு விதி வைத்து, குழுக்கள் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் இருவரும் "2022 சா.த." குறியீட்டின் கீழ் வருவார்கள்.

இரண்டாம் தடவை எழுதியவருக்கு முதல் தடவை எழுதிய ஆண்டையே போடுங்கள். அவருடைய நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், காசு சேர்க்கும்போதும் அவர்களோடுதான் சேர்வார். சாதாரண தரம் ஒரு பாடசாலையிலும் உயர்தரம் உங்கள் பாடசாலையிலும் படித்தவருக்கு உயர்தர பட்ச் மட்டும். இரண்டும் உங்களிடம் என்றால் இரண்டு நிரைகள்.

நமது திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்து, பரீட்சை எழுதாமலே பாடசாலையை விட்டவர்கள் பலர். அவர்களுக்குச் சான்றிதழ் ஆண்டு கிடையாது. பட்ச் விதியைக் காட்டி அவர்களைப் பட்டியலுக்கு வெளியே விடுவது மிகவும் தவறான காரியம். ஆட்கள் தாளில் "ஆறாம் தரத்தில் இருந்த ஆண்டு" என்று ஒரு நிரல் சேருங்கள். கூடப் படித்தவர்கள் எந்த பட்ச்சோ அதுவே அவருக்கும். ஆதார நிரலில் "வகுப்பு நண்பர்கள் உறுதி" என்று எழுதினால் போதும். 1970களின் நடுப்பகுதியில் படித்த மூத்தவர்கள் "என்.சி.ஜி.ஈ." என்று சொன்னால் அது சாதாரண தரத்துக்குப் பதிலாகச் சில ஆண்டுகள் நடந்த பரீட்சை. சாதாரண தர வரிசையிலேயே வையுங்கள்.

கேள்வி (மூதூர், ஆசிரியை): ஒவ்வொரு ஆண்டும் "தரம் 6 பெற்றோர்", "தரம் 7 பெற்றோர்" என்று பட்டியலை முழுக்கத் திருப்பி அடிக்க வேண்டியிருக்கிறது. இலகுவான வழி உண்டா?

பதில்: அடிக்கவே வேண்டாம். தரத்தை எழுதிவைப்பதை விட்டுவிட்டு, பிள்ளை தரம் 6இல் சேர்ந்த கல்வியாண்டை எழுதுங்கள். நடப்புக் கல்வியாண்டிலிருந்து அதைக் கழித்து 6ஐக் கூட்டினால் தரம் வரும். 2021இல் ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளை 2024 கல்வியாண்டில் தரம் 9. நடப்புக் கல்வியாண்டை ஒரு கலத்தில் நீங்களே எழுதுங்கள்; கணினியின் இன்றைய திகதியிலிருந்து எடுக்காதீர்கள். கல்வியாண்டு தை மாதத்தில் தொடங்காத ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். திகதியை நம்பினால் அந்த ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் முன்கூட்டியே வகுப்பேறிவிடுவார்கள்.

உறுப்புரிமை நிரை பிள்ளையின் பெயரில் அல்ல, பெற்றோரின் பெயரில் வரவேண்டும். பிள்ளையின் சேர்வு இலக்கம் ஒரு நிரலில் இருக்கட்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு நிரைகள். மூத்தவர் விலகும்போது அவருடைய நிரை மட்டும் மூடும், தாய் இளையவரின் நிரையால் இன்னும் பெற்றோர்தான். கடைசி நிரையும் மூடிய பிறகு அவர் "முன்னாள் பெற்றோர்". அதையும் தனியாக எழுதத் தேவையில்லை, திறந்த நிரை ஒன்றுமில்லை என்பதே அடையாளம். அபிவிருத்திச் சங்க நிர்வாகக் குழுவில் பதவி வகிக்கும் பெற்றோருக்கு மட்டும், அந்தப் பதவிக்கென்று தொடக்கமும் முடிவும் உள்ள தனி நிரை வேண்டும்.

கேள்வி (திருகோணமலை நகர், பொருளாளர்): லண்டன் கிளை 3 லட்சம் ரூபா அனுப்பியது. கூடவே, காசு தந்த 12 பேரின் பட்டியலையும் அனுப்பியது. நாங்கள் 12 பேரையும் பதிந்தோம், கிளையையும் பதிந்தோம். இப்போது வருமானம் 6 லட்சம் என்று காட்டுகிறது.

பதில்: உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு தந்தவர் ஒரே ஒருவர், அது கிளை. நன்கொடைத் தாளில் ஒரே ஒரு நிரைதான் இருக்க வேண்டும்: தந்தவர் லண்டன் கிளை, தொகை வங்கியில் வரவான ரூபா, பற்றுச்சீட்டும் கிளையின் பெயருக்கே. அந்த 12 பேருக்கும் "பங்கு" என்று ஐந்தாவது தாள் ஒன்று திறந்து, நன்கொடை இலக்கம், ஆள் இலக்கம், பங்குத் தொகை என்று எழுதுங்கள். நன்றிக் கடிதம் அனுப்ப, பரிசளிப்பு விழா மலரில் பெயர் போட எல்லாம் பங்குத் தாளைப் பாருங்கள். வருமானத்தைக் கூட்டும்போது அந்தத் தாளைத் திறக்கவே கூடாது.

பங்குகளின் கூட்டுத்தொகை வங்கியில் வந்த தொகையோடு ஒத்துவராமல் போகலாம். அதற்காக யாருடைய பங்கையும் கூட்டிக் குறைக்க வேண்டாம். வங்கிக் கட்டணமும் நாணய மாற்று வீதமும் ஒரு காரணம். இன்னொன்று: பிரித்தானியாவில் அறக்கட்டளையாகப் பதிவான கிளை என்றால், அங்கு வரி கட்டுகிற ஒருவர் உரிய பிரகடனத்தோடு தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் வீதம் கிஃப்ட் எய்ட் என்ற திட்டத்தில் அரசிடமிருந்து கிளை மீளப் பெறலாம். ஆகவே ஆட்கள் தந்ததைவிடக் கிளை அனுப்புவது கூடுதலாக இருப்பதும் உண்டு. பங்கை அவர்கள் கொடுத்த நாணயத்திலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

12 பேரில் யாராவது லண்டன் கிளை உறுப்பினராக இல்லாமலும் இருக்கலாம், நண்பர் கேட்டார் என்று கொடுத்திருப்பார். பங்குத் தாளில் பெயர் இருப்பதால் அவருக்கு உறுப்புரிமை நிரை திறக்காதீர்கள்.

கேள்வி (கிண்ணியா): ஒரே ஆள் மூன்று இடத்தில் வருகிறார். தேடினாலும் அகப்படுவதில்லை. ஏன்?

பதில்: பல காரணங்கள். பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். யுனிகோட்டில் தேடினால் அவை ஒருபோதும் வராது. எழுத்துரு மாற்றி ஒன்றில் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ர, ா இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

யுனிகோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. "கோ" என்பதை ஒரு விசைப்பலகை ஒரே குறியோடு எழுதும். இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் அரவும் தனித்தனியாக விழும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, எக்செல்லுக்கு அவை இரண்டு பெயர்கள். "ஸ்ரீ" எழுத்துக்கும் இரண்டு உள் வடிவங்கள் உண்டு. கோணேஸ்வரரின் ஊரில் கோவும் ஸ்ரீயும் எத்தனை பெயர்களில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வடிவத்தைத் தெரிந்து, மற்றதைத் தேடி மாற்றும் வசதியால் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பிறகு முதலெழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு படித்த பெண், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு காசு அனுப்புவார். ஆட்கள் தாளில் "பாடசாலையில் பெயர்", "இப்போதைய பெயர்" என்று இரண்டு நிரல்கள் கட்டாயம் வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையே ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டும் முதன்மைச் சாவியாக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளிடம் அது இல்லை. இருப்பவர்களிலும் ஒருவருக்கு எழுத்தோடு முடியும் 9 இலக்கப் பழைய எண், மற்றவருக்கு 2016க்குப் பின் வந்த 12 இலக்க எண். போதாததற்கு, நன்கொடை வாங்க அந்த எண் உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்களே கொடுக்கும் தொடர் இலக்கம்தான் நல்லது.

தொலைபேசி நிரலை, எண்களை ஒட்டுவதற்கு முன்பே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 026இன் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

திகதிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 03/04/2019 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்புள்ள கணினிக்கு மார்ச் 4. அந்தக் கணினியில் நமது திகதிகளை ஒட்டினால், நாள் 12க்குள் இருப்பவை சத்தமில்லாமல் இடம் மாறும். 12க்கு மேற்பட்டவை திகதியாகவே மாறாமல் கலத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும். இடது பக்கம் நிற்கும் திகதி ஒன்றைக் கண்டால் அதை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள், அதே ஒட்டலில் வந்த மற்றவையும் பிழைதான்.

கேள்வி (நிலாவெளி): பட்ச்சின் வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களையே உறுப்பினர் பட்டியலாக எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் ஆளின் துணைவர் இருப்பார், இலக்கம் மாற்றியவர் இரண்டு தரம் இருப்பார், சத்தம் தாங்காமல் வெளியேறியவர் இருக்கவே மாட்டார். வெளியேறியவர்தான் பல இடங்களில் ஒழுங்காகக் காசு தருகிறவர். தொடர்பு இலக்கம் புதுப்பிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (உப்புவெளி): எக்செல்லை விட்டு வேறு மென்பொருளுக்குப் போகலாமா?

பதில்: ஒருவர் மட்டும் பதிவதென்றால், இருநூறு முந்நூறு பேருக்கு எக்செல்லோ லிப்ரே ஆபிஸோ தாங்கும். இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து பதியத் தொடங்கினால் மாறத்தான் வேண்டும். சிவிசிஆர்எம் (CiviCRM) என்பது ஆட்கள், நன்கொடைப் பதிவுக்கென இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள், வேர்ட்பிரஸ் தளத்தோடு சேர்த்தும் நிறுவலாம். அதில் உறவு என்ற பகுதிக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கிளையை ஒரு அமைப்பாகப் பதிந்து, ஆளை அதனோடு உறவால் இணையுங்கள். ஸ்மார்ட் குரூப் என்பது நிபந்தனையைப் பார்த்துத் தானே நிரம்பும் பட்டியல். கடிதம் அனுப்ப நல்லது, ஆனால் இன்றைய நிலையைத்தான் காட்டும். முதலில் உங்கள் தாள்களை மேலே சொன்னபடி பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். குழம்பிய தாளை எந்த மென்பொருளில் ஏற்றினாலும் குழப்பம்தான் ஏறும்.

கேள்வி (தம்பலகாமம்): காலமானவர்களையும், "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களையும் என்ன செய்வது?

பதில்: காலமானவரின் திறந்த நிரைகள் எல்லாவற்றுக்கும் அந்த நாளை முடிந்த நாளாகப் போடுங்கள், பட்ச் நிரையைத் தவிர. அவர் அந்த பட்ச்சின் பிள்ளையாகவே இருப்பார். ஆட்கள் தாளில் "கடிதம் வேண்டாம்" என்று குறியுங்கள், அன்றைக்கே. நினைவு நாள் கழிந்து ஒரு மாதத்தில் அவர் பெயருக்கே "இம்முறையும் உங்கள் பங்களிப்பை எதிர்பார்க்கிறோம்" என்று ஒரு கடிதம் வீட்டுக்குப் போனால், அந்த வீட்டார் அதை மறக்க மாட்டார்கள். பிள்ளைகள் அவர் நினைவாகத் தந்தால் தந்தவர் பிள்ளை. "நினைவாக" என்ற நிரலில் அவர் இலக்கம்.

பெயரை எடுக்கச் சொல்பவர் விடயத்தில், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமைகளைச் சொல்கிறது. முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலை அழியுங்கள். இலக்கம், திகதி, தொகை கணக்காய்வுக்காக இருக்க வேண்டியவை என்று அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி (அன்புவழிபுரம்): பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறியதும் பதிவேட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: கூட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாளே உட்காருங்கள். பழைய பதவி நிரைகளுக்குக் கூட்டத்துக்கு முதல் நாளை முடிந்த நாளாகப் போடுங்கள், புதியவற்றுக்குக் கூட்ட நாள் தொடக்கம். இரண்டுக்கும் ஒரே நாளைப் போட்டால் அந்த ஒரு நாளில் இரண்டு பொருளாளர்கள் வருவார்கள். திரும்பத் தெரிவானவருக்கும் பழையதை மூடிப் புதியது திறவுங்கள், எத்தனை தவணை இருந்தார் என்பது பிறகு யாப்பைப் பார்க்கும்போது தேவைப்படும்.

அதிபர், தன் பதவியின் வழியாகவே நிர்வாகக் குழுவுக்கு வருகிறவர். அவருடைய நிரை பொதுக்கூட்டத்தோடு மாறாது. இடமாற்றம் வந்தால் புதியவர் கடமை பொறுப்பேற்ற நாளோடு மாறும். வங்கிக் கையொப்பமும் வேறு. புதிய பொருளாளர் கூட்டத்தில் தெரிவானாலும், வங்கி ஏற்கும்வரை காசோலையில் பழையவர்தான் ஒப்பமிடுவார். "வங்கிக் கையொப்பம்" என்று ஒரு தனிப் பதவி வைத்து, வங்கி உறுதிப்படுத்திய நாளை எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பதவி நிரலை வடிகட்டிப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் ஒவ்வொன்றுக்கும் முடிந்த நாள் வெறுமையான நிரை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். பிறகு கோப்பின் பெயரில் அன்றைய திகதியைச் சேர்த்து இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை அதிபர் அலுவலகத்திலும் மற்றதைப் புதிய செயலாளரிடமும் கொடுங்கள். பழைய செயலாளரின் மடிக்கணினியில் உள்ள பிரதியில் இனி யாரும் பதியக் கூடாது.